சாலைக்கான வேலி அடுத்தவர் வயலில் ஏன் நிற்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டா, அயோவா, வயோமிங் மாநிலங்களில் குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் ஒரு விநோதம் படும். சாலையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி, நட்டநடு வயலில் வேலி நிற்கும். எதையும் வளைத்துக் கட்டியிருக்காது. எங்கோ தொடங்கி எங்கோ முடியும். ஆடு மாட்டைத் தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. பலகை பாதி, இடைவெளி பாதி. அடிப்பலகைக்குக் கீழே நாய் நுழையும் அளவு சந்து வேறு. நிலம் விவசாயியுடையது, வேலி பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. கனடாவில் ஒன்டாரியோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இதன் எளிய வடிவம் பழகிய காட்சிதான்: இரும்புக் கம்பங்களில் கட்டிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலை.

இதைப் பனிவேலி என்று வைத்துக்கொள்வோம். பனி எப்படிப் பறக்கிறது, வேலி அதை என்ன செய்கிறது என்பது இயற்பியல். அது சீக்கிரம் புரிந்துவிடும். அந்த வேலி ஏன் பட்டா நிலத்தில்தான் நின்றாக வேண்டும் என்று கேட்டால் சட்டம், பணம், மனஸ்தாபம் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் பனிவேலியில் கடினமான பகுதி வேலியே அல்ல, நிலம்தான்.

விழும் பனி வேறு, பறக்கும் பனி வேறு

வானத்திலிருந்து விழும் பனி பெரிய தொல்லை இல்லை. பத்து சென்டிமீட்டர் விழுந்தால் சாலையிலும் பத்து சென்டிமீட்டர்தான் கிடக்கும். பனி தள்ளும் வண்டி ஒரு நடை போய்வந்தால் வேலை முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. வானம் தெளிந்து வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும், ஆனால் காற்று ஓயாது. அறுவடை முடிந்த வெற்று வயலில் கிடக்கும் பனியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். புதிதாக விழுந்து பொடியாகக் கிடக்கும் பனி என்றால் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகக் காற்றே போதும். துகள்கள் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளி நகரும். பெரும்பங்கு ஓர் ஆள் நெஞ்சு உயரத்துக்குள்ளேயே போய்விடும். காற்றுக் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையை மணல் ஊர்ந்து வந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மணல், இங்கே பனி, நகரும் விதம் ஒன்றுதான்.

எவ்வளவு தூரத்துப் பனி வந்து சேரும்? காற்று வரும் திசையில் மரமோ கட்டடமோ இல்லாத வெளி எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு தூரத்திலிருந்தும் வரும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பறக்கும் துகள் நீராகாமலேயே நேரடியாக ஆவியாகித் தேய்ந்துகொண்டே போகும். சுமார் 3 கிலோமீட்டர் பறப்பதற்குள் ஒரு சராசரித் துகள் இல்லாமலே போய்விடும் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சாலைக்கு மேற்கே 3 கிலோமீட்டர் வெட்டவெளி கிடக்கிறது, காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றால், அத்தனை நிலத்துப் பனிக்கும் அந்தச் சாலை வழியில் கிடக்கிறது என்று அர்த்தம்.

சாலைக்கு வந்ததும் அது மேடாகக் குவிகிறது, காலையில் தள்ளிய இடத்தில் மதியம் மறுபடி மேடு. ஓட்டுநரின் கண்ணை மறைக்கிறது. எதிரே வரும் லாரி வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருக்கும். மூன்றாவது அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. பனி உருகட்டும் என்று உப்புப் போட்ட சாலையில் மெல்லிய பனி தொடர்ந்து விழுந்து, உருகி, மறுபடி உறைந்து கண்ணாடிபோல் ஐஸ் படியும். வண்டி வழுக்கிய பிறகுதான் அங்கே ஐஸ் இருந்ததே தெரியவரும்.

வேலிக்குப் பின்னால் குவியும் மேடு

பனிவேலி காற்றை நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்றுக்குத் துகளைச் சுமக்கத் தெம்பு இல்லை, கீழே போட்டுவிடும். வேலிக்கு முன்னால் கொஞ்சம் விழும், பின்னால் ஏராளமாக விழும். பின்னால் என்றால் காற்று போகும் பக்கம், அதாவது சாலை இருக்கும் பக்கம். முதன்முதலாகக் கேட்பவர்கள் தடுமாறும் இடம் இது. பனி வந்து வேலியில் முட்டிக் குவியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் வேலியைத் தாண்டிய பிறகுதான் பெரிய மேடு எழுகிறது.

அப்படியானால் இடைவெளியே இல்லாத சுவரை எழுப்பினால் இன்னும் நன்றாகப் பிடிக்காதா? பிடிக்காது. சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று, குட்டையான செங்குத்து மேடு உண்டாகும். சுவர் உயரத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குள் மேடு முடிந்து, இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். பாதி திறந்த வேலி என்றால் மேடு தாழ்வாக, நீளமாக வளரும். முழுக்க நிரம்பும்போது வேலி உயரத்தின் 35 மடங்கு தூரம்வரை நீளும். அதனால் பிடிக்கும் பனியும் பல மடங்கு. பலகையும் இடைவெளியும் சரிபாதியாக இருப்பது பலகையை மிச்சம் பிடிக்கச் செய்ததல்ல.

அடியில் விடும் சந்துக்கும் காரணம் உண்டு. வேலி உயரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை தரையிலிருந்து தூக்கி வைப்பார்கள். அந்தச் சந்து வழியே காற்று வேகமாகப் பாய்ந்து வேலியின் காலடியைச் சுத்தமாக வைத்திருக்கும். சந்து இல்லாவிட்டால் வேலி தன் பனியிலேயே புதைந்துபோகும். புதைந்த வேலி எதையும் பிடிக்காது.

35-ஆல் பெருக்கிப் பாருங்கள்

இப்போது நிலத்துக்கு வருவோம். 35 மடங்கு என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சின்னதாகக் கணக்குப் போடலாம்.

கடையில் சுருளாக வாங்கிக் கட்டும் சாதாரண வேலி 1.2 மீட்டர் உயரம். அதன் மேடு 42 மீட்டர்வரை நீளலாம். 2.4 மீட்டர் வேலி என்றால் 84 மீட்டர். 3.6 மீட்டர் என்றால் 126 மீட்டர். மேட்டின் வால் சாலையைத் தொடக் கூடாது என்றால் வேலி குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

சாலைக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது? மினசோட்டாவில் பழைய கிராமச் சாலைகளுக்கு விட்ட அகலம் 66 அடி, அதாவது சுமார் 20 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர். தார் போட்ட அகலத்தைக் கழித்தால் மிஞ்சும் சாலைப் புறம்போக்கு ஆறேழு மீட்டர்தான். பெரிய நெடுஞ்சாலைகளுக்கு இன்னும் அகலமாக நிலம் எடுத்திருப்பார்கள். அப்படியும் ஒரு பக்கத்தில் மட்டும் 84 மீட்டர் கிடைப்பது அரிது.

"இருக்கிற இடத்திலேயே, ஓரமாக வைத்துவிடுவோம்" என்று புறம்போக்கிலேயே வேலி போட்டால் என்ன ஆகும்? வேலி தன் வேலையைச் சரியாகவே செய்யும். பிடித்த பனியையெல்லாம் வேலிக்குப் பின்னால் போடும். பின்னால் இருப்பது சாலை. முன்பு சாலையைக் கடந்து போயிருக்கக்கூடிய பனிகூட இப்போது அதன் மேலேயே இறங்கும். தவறான தூரத்தில் வைத்த பனிவேலியைவிட வேலியே இல்லாமல் இருப்பது மேல். சாலையோரத் தடுப்புக் கம்பிகள், புதர்கள், மரவரிசைகள்கூட இதே தப்பைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

கிட்டே வைக்க வேண்டும் என்றால் வேலியைக் குட்டையாக்கினால் போதாதா என்று அடுத்து கேட்கத் தோன்றும். குட்டை வேலிக்குக் கொள்ளளவு இல்லை. பாதி திறந்த வேலி ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு பனி பிடிக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, 2.2 அடுக்குக்கு உயர்த்தி, 8.5-ஆல் பெருக்கினால் விடை டன்னில் வரும். 1.2 மீட்டர் வேலி மீட்டருக்குச் சுமார் 13 டன் பிடிக்கும். 2.4 மீட்டர் வேலி 58 டன். உயரம் இரு மடங்கு, பனி நாலரை மடங்கு. குட்டை வேலி ஜனவரியில் நிரம்பிவிட்டால் பிப்ரவரிப் பனி அதன் தலைமேல் ஏறிச் சாலைக்கு வந்துவிடும். பனி அதிகமுள்ள இடத்துக்கு உயரமான வேலி வேண்டும். உயரம் கூடக்கூட வேலி அடுத்தவர் நிலத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

இதோடு முடியவில்லை. வேலியை நடுவில் விட்டுவிட்டுப் போடவும் முடியாது. வேலியின் முனைகளைச் சுற்றிக்கொண்டு காற்று வேகமாகப் பாயும். ஐந்து பேர் நிலத்தின் வழியே வேலி போக வேண்டியிருக்க, நாலு பேர் சரி என்று சொல்லி, நடுவில் இருப்பவர் மட்டும் முடியாது என்றால், அந்த இடைவெளிக்கு நேரே உள்ள சாலைத் துண்டில் பனி வந்து குவியும். இரு புறமும் சுத்தமான சாலையில் வேகமாக வரும் ஓட்டுநர் திடீரென்று அந்த மேட்டைச் சந்திப்பார். ஒருவர் மறுத்தால் வேலியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று கணக்குப் போட முடியாது, திட்டமே ஆட்டம் கண்டுவிடும்.

வயோமிங் கற்ற பாடம்

இதையெல்லாம் பெரிய அளவில் கற்றுக்கொடுத்த இடம் வயோமிங். லாரமியிலிருந்து வால்காட் ஜங்ஷன் வரை 77 மைல் நீளத்துக்கு 80-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை 1970 அக்டோபரில் திறக்கப்பட்டது. பழைய சாலையும் ரயில் பாதையும் வடக்கே சுற்றிக்கொண்டு போகும்போது, இது எல்க் மலையடிவாரமாகக் குறுக்கே போனது. அந்தப் பக்கம் காற்றும் பனியும் பொல்லாதவை என்று உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். முதல் குளிர்காலமே அவர்கள் சொன்னதை நிரூபித்தது. சாலையைத் திரும்பத் திரும்ப மூட வேண்டி வந்தது. வியட்நாம் போர்க் காலம் அது, லாரி ஓட்டுநர்கள் அந்தப் போரில் வட வியட்நாமின் சரக்குப் பாதையாக இருந்த ஹோ சி மின் பாதையின் பெயரை வைத்து 'ஸ்னோ சி மின் டிரெயில்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தக் கிண்டல் இன்றும் ஓயவில்லை.

1971-லேயே அங்கே வேலிகள் எழத் தொடங்கின. அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ரொனால்ட் டேப்ளர் வருடக்கணக்கில் மேடுகளை அளந்து வேலிகளுக்கு வடிவம் கொடுத்தார். மேலே சொன்ன 35 மடங்கும் கொள்ளளவுச் சூத்திரமும் அவருடைய ஆய்வு வழியில் நடைமுறைக்கு வந்தவை. 'வயோமிங் வேலி' என்று இன்று அழைக்கப்படுவது கிடைமட்டப் பலகைகள் கொண்ட சட்டகம். காற்று போகும் பக்கம் 15 பாகை சாய்ந்து நிற்கும். பின்னால் முட்டுக்கட்டை உண்டு. சில இடங்களில் 14 அடி உயரம்வரை போகும். 1991-ல் வெளிவந்த தன் கையேட்டில் டேப்ளர் செலவையும் ஒப்பிட்டார். ஒரு டன் பனியை வண்டி வைத்துத் தள்ளும் செலவு, அதை வேலியில் பிடித்து வைக்கும் செலவைப் போல் சுமார் நூறு மடங்கு.

தெற்கு வயோமிங்கில் நிலமும் ஒரே கையில் இல்லை. 1860-களில் ரயில் பாதை போடுவதற்காக இரு பக்கமும் ஒன்று விட்டு ஒன்றாகச் சதுர மைல் துண்டுகளை அரசு ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மற்றத் துண்டுகள் அரசிடமே நின்றன. சதுரங்கப் பலகை என்றே அந்தப் பகுதியைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் சில மைல் வேலி போட்டாலே அரசு நிலம், தனியார் நிலம், அரசு நிலம் என்று மாறி மாறிக் கடக்க வேண்டியிருக்கும்.

நிலத்துக்காரர் சரி என்பாரா?

ஊருக்கே நல்லதுதானே, மறுப்பானேன் என்று தோன்றலாம். டிராக்டர் ஓட்டுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். வேலிக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குப் பனி கிடக்கும். பக்கத்து வயல் ஏப்ரலில் காய்ந்து விதைப்புக்குத் தயாராகும்போது, இந்தப் பட்டை மட்டும் ஈரமாகச் சேறாகக் கிடக்கும். வடக்கு மாநிலங்களில் விதைப்புக் காலம் குறுகியது. பத்து நாள் தாமதமானால் மகசூலில் தெரியும். நிரந்தர வேலி என்றால் இன்றைய அகலமான இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். தற்காலிக வேலி என்றால் வேறு பயம். வசந்தத்தில் பிடுங்க மறந்த ஓர் இரும்புக் கம்பம் பயிருக்குள் மறைந்து நின்று அறுவடை இயந்திரத்துக்குள் போனால் சேதம் லேசில் முடியாது.

ஆதாயமும் இல்லாமல் இல்லை. மழை குறைந்த இடத்தில் அந்தப் பனி உருகி மண்ணில் இறங்குவது வரவுதான். மாடு குடிக்கும் குட்டையை நிரப்பவே வயோமிங்கில் பனிவேலிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பண்ணைக்குப் போகும் பாதையும் மூடாமல் இருக்கும். ஆனாலும் பாதுகாப்பு சாலையில் போகிறவர்கள் எல்லாருக்கும், சேறு ஒருவருக்கு மட்டும் என்பது நியாயமாகப் படவில்லை. அந்தச் சேற்றுக்கு விலை கொடுக்காமல் தேசத் தொண்டு என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாடுகள் இதை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. ஜெர்மனியில் கேள்விக்கே இடமில்லை. 1953-ல் வந்த கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பனிக் குவியல், பாறைச் சரிவு போன்ற இயற்கைத் தொல்லையிலிருந்து சாலையைக் காக்கப் போடும் தற்காலிக அமைப்புகளைச் சாலையோர நிலத்துக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. 'தற்காலிக' என்ற சொல்லில்தான் அவருக்குப் பாதுகாப்பு. நிரந்தரமாக எதையும் எழுப்ப இந்தப் பிரிவு போதாது. சேதத்துக்கு ஈடும் உண்டு. இங்கிலாந்தில் 1980-ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு சாலை நிர்வாகத்துக்குப் பனித் தடுப்புகள் எழுப்ப அதிகாரம் தருகிறது. ஆனால் சாலைக்கு வெளியே என்றால் நிலத்தையோ அதன்மேல் உரிமையையோ முதலில் முறைப்படி பெற்றிருக்க வேண்டும். ஒரு சட்டம் 'பொறுத்துக்கொள்' என்கிறது, மற்றொன்று 'வாங்கிக்கொண்டு வா' என்கிறது.

மினசோட்டாவும் அயோவாவும் பேசிச் சம்மதிக்க வைக்கும் வழிக்கே முன்னுரிமை தருகின்றன. அவர்கள் கையாளும் உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது சோளத்தட்டை. வயலில் ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு மேல் மக்காச்சோளம் நிற்கிறது. அக்டோபரில் அறுவடை இயந்திரம் வரும்போது, சாலைக்கு இணையாக, தேவையான தூரம் தள்ளி ஒரு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் பதினாறு வரிசை வரை. காற்றில் சலசலத்து நிற்கும் அந்தத் தட்டைகளே அந்தக் குளிர்காலத்துக்கு வேலி. கம்பம் இல்லை, பலகை இல்லை. அறுக்காமல் விட்ட விளைச்சலுக்கும் சிரமத்துக்கும் நெடுஞ்சாலைத் துறை பணம் தரும். வசந்தத்தில் மிஞ்சிய கதிரை அறுத்துக்கொள்ளலாம். மான் தின்றது போக, சாய்ந்தது போக, கிடைத்தவரை லாபம். அடுத்த வருடம் அந்த வயலில் சோயா போட்டால் உயரம் கிடையாது, அந்த வருடம் வேறு வழி பார்க்க வேண்டும். இந்த முறையின் பலவீனம் அது.

நீண்ட காலத்துக்கு என்றால் மரமும் புதரும் நட்டு உயிர்வேலி வளர்க்கலாம். அமெரிக்க வேளாண் துறையின் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. பத்து முதல் பதினைந்து வருட ஒப்பந்தம், வருடா வருடம் வாடகை. செடி வளர்ந்து பனி பிடிக்க சில வருடங்கள் ஆகும், அதன்பின் செலவு குறைவு. ஜப்பானில் ரயில் பாதையைக் காக்க 1893-ல் நட்ட காடு நோஹேஜி நிலையத்தருகே இன்னும் நிற்கிறது.

ஒப்பந்தம் எந்த வகையானாலும் நிலத்துக்காரர் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை உண்டு. வேலி எந்தத் தேதிக்குள் வரும், எந்தத் தேதிக்குள் போகும்? பிடுங்கிய கம்பங்களை எண்ணிச் சரிபார்ப்பது யார்? ஆட்களும் வண்டிகளும் எந்த வழியாக உள்ளே வருவார்கள்? வேலியில் அடிபட்டு யாராவது வழக்குப் போட்டால் பொறுப்பு யாருடையது? நிலத்தை விற்றால் ஒப்பந்தம் வாங்குபவரையும் கட்டுப்படுத்துமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை ஒப்பந்தத்தின் வகையில் இருக்கிறது. வெறும் அனுமதி அல்லது வருடக் குத்தகை என்றால் புது உரிமையாளரிடம் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். பத்திரப் பதிவான நில உரிமை என்றால் நிலத்தோடு சேர்ந்து கைமாறும். அதற்குக் கேட்க வேண்டிய விலையும் அதிகம்.

நிலம் கிடைக்கவே இல்லை என்றால்? ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சாலை ஓரத்திலேயே நிற்கும் வேறு வகை வேலி உண்டு. அது பனியைப் பிடிக்காது. சாய்ந்த தகடுகள் காற்றைக் கீழே திருப்பி, தரையை ஒட்டி வேகமாகப் பாயவிட்டுச் சாலைமேல் உள்ள பனியை ஊதித் தள்ளும். கூடுதல் நிலம் வேண்டாம். ஆனால் காற்று கிட்டத்தட்ட நேர்க்குறுக்காக வீச வேண்டும். அடிச்சந்தில் பனி அடைத்துக்கொண்டால் அது சாதாரண வேலியாக மாறி, பிடித்ததையெல்லாம் சாலையிலேயே போட்டுவிடும். மிஞ்சும் வழி சாலையையே மாற்றுவது: சுற்றியுள்ள தரையைவிடச் சாலையை உயர்த்திப் போட்டு, பக்கச் சரிவை மென்மையாக்கினால் காற்று தானே பனியைத் துடைத்துக்கொண்டு போகும். புதுச் சாலைகளில் இதை முதலிலேயே திட்டமிடுகிறார்கள். பழைய சாலை என்றால் திரும்பக் கட்டும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பனி தள்ளும் வண்டிதான்.